சுந்தரவல்லி அம்மாள் வாங்கிய முப்பத்தாறு மதிப்பெண்

சுந்தரவல்லி அம்மாள் தன் வாழ்நாளில் ஏறிய மிக உயரமான இடம் பரங்கிமலை. அதிலும் பாதிதான். மீதியைக் கணவர் நல்லசிவம் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "மேல ஒண்ணுமில்ல, காத்துதான் அடிக்கி" என்று சொல்ல, அந்த அம்மாள் அதை அப்படியே நம்பிக் கீழே இறங்கிவிட்டார். அவர்தான் தியாகராய நகரில் மலைவாழ் மகளிர் முன்னேற்றச் சங்கத்தின் நிறுவனர், தலைவர், பொருளாளர். 1972-இல் நான் அங்கே தட்டச்சு செய்யப் போனபோது சங்கத்துக்கு மூன்று வயது முடிந்திருந்தது.

நான் ராயப்பேட்டையில் புத்தகம் பைண்டிங் செய்யும் வலியுல்லாவின் மகள் ஷாகிரா. அத்தா முப்பது வருடம் ஊராருடைய பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டவர். எங்கள் வீட்டில் அட்டைக்கு உள்ளே இருப்பதைப் படித்துத் தேர்வு எழுதி பி.ஏ. வாங்கிய முதல் ஆள் நான். வரலாறு படித்தவளுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. படிப்புக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று தினமும் பேருந்தில் யோசித்துக்கொண்டே போவேன். பனகல் பார்க் நிறுத்தம் வந்துவிடும், பதில் வராது.

சுந்தரவல்லி அம்மாள் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் வீரவநல்லூர். தகப்பனார் நெசவுக்காரர்களிடம் சேலை வாங்கி விற்றவர். பதினேழு வயதில் நல்லசிவத்தைக் கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தார். பனகல் பார்க் அருகே ஜவுளிக்கடை, பின்னால் வீடு, இரண்டு மகன்கள். மகன்கள் வளர்ந்து கடையில் உட்கார்ந்த பிறகு அந்த அம்மாளுக்குச் செய்ய எதுவும் இல்லாமல் போயிற்று. ஒரு மாதர் சங்கத்தில் சேர்ந்தார். 1969-இல் அந்தச் சங்கத்தார் கூடி, ஆளுக்கு ஒரு சமூக சேவை என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். பட்டினப்பாக்கத்து மீனவப் பெண்களை ஒரு நீதிபதி மனைவி எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி நோயாளிகளை ஒரு டாக்டர் மனைவி எடுத்துக்கொண்டார். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிய நாள் என்பதால் சுந்தரவல்லி அம்மாள் தாமதமாகப் போனார். அங்கே மிச்சம் இருந்தது மலை ஒன்றுதான். போய்வர இரண்டு நாள் ஆகும் என்பதால் யாரும் அதைத் தொடவில்லை.

ஆறு மாதத்தில் மற்றவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு ஓய்ந்துவிட்டார்கள். மலையை மட்டும் அந்த அம்மாள் விடவில்லை. "குடுத்துட்டாங்கல்லா, பாத்துக்கிடணும்" என்பார், யாரோ கைக்குழந்தையை ஒப்படைத்துப் போன மாதிரி.

நேரில் பார்க்க ஒரு முறை கொடைக்கானல் பேருந்தில் ஏறினார். மூன்றாவது வளைவிலேயே வாந்தி. நான்காவது வளைவில் ஓட்டுநர் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து மலைக்குச் செய்வதையெல்லாம் தபாலில் செய்தார். கடை மாடியில் துணிக் கிடங்குக்குப் பக்கத்து அறையில் ஒரு மேசை, ஒரு தட்டச்சுப் பொறி, வாசலில் பலகை. மாதம் ஒரு சுற்றறிக்கை. நான் தட்டச்சு செய்த முதல் சுற்றறிக்கையில், கோடையில் நிறைய மோர் குடிக்கும்படியும், மொட்டை மாடியில் வடகம் காயவைத்து விற்று முன்னேறும்படியும் நீலகிரிப் பெண்களுக்கு அறிவுரை இருந்தது.

"அம்மா, அங்க மொட்டை மாடி இருக்குமா?" என்று கேட்டேன்.

"மலையே மாடிதானட்டி" என்றார்.

எனக்குச் சரியென்றே பட்டது. பட்டம் வாங்கிய பிறகும் எனக்கு எல்லாமே சரியென்றுதான் பட்டுக்கொண்டிருந்தது.

இன்னொரு முறை இரண்டு டஜன் பனையோலை விசிறிகளை உதகைக்கு மேலே ஒரு தோடர் குடியிருப்புக்கு அனுப்பினோம். பார்சல் கட்டியது நான். அந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் பதில் போட்டிருந்தார்: "விசிறிகள் வந்து சேர்ந்தன. அடுப்பு ஊத மிக உதவியாக உள்ளன. இங்குள்ள பெண்கள் பூவேலை செய்யும் போர்வைத் துணி ஒன்றை உங்களுக்கு அனுப்பச் சொன்னார்கள்." வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக நூல் வேலை. சுந்தரவல்லி அம்மாள் அதைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் போய், கட்டைவிரல் நகத்தால் இழை இழையாகத் தடவிப் பார்த்தார். அரைமணி நேரம் அதிலேயே இருந்தார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது; சுற்றறிக்கைக்குக்கூட அவர் அவ்வளவு நேரம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் கொட்டகை விஷயம் வந்தது. மலைப் பெண்கள் கூடி உட்கார்ந்து கைவேலை செய்ய, கூரையும் ஜன்னலும் வைத்த ஒரு கொட்டகை கட்டித்தர அரசு நல வாரியம் ஒன்று முன்வந்தது. ஒரே நிபந்தனை: அந்த ஊரில் சான்றிதழ் பெற்ற ஒரு பயிற்சி ஆசிரியை இருக்க வேண்டும். சான்றிதழ்த் தேர்வைச் சங்கமே நடத்தலாம். நல்லசிவம் மாடிக்கு வந்து, "மலைக்குக் கொட்டகையா? மொதல்ல நம்ம குடோனுக்கு ஓடு மாத்துங்கேன்" என்றார். அம்மாள் காதில் வாங்கவில்லை. விதிமுறை எழுத உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால், ஒரு தையல் பள்ளியின் பழைய கையேட்டை என்னிடம் கொடுத்து, "இதப் பாத்து அடிச்சுரு" என்றார். நான் பதினாறு விதிகளையும் ஒரு சொல் விடாமல் மூன்று பிரதி எடுத்தேன். ஒரு பிரதி வாரியத்துக்குப் போயிற்று.

தேர்வு எழுத அந்தத் தோடர் குடியிருப்பிலிருந்து ஆள் வந்தது 1973 மே மாதம். அக்கினி நட்சத்திரம். சென்ட்ரலிலிருந்து அழைத்து வர நானும், எங்கள் தெருமுனை சைக்கிள் ரிக்‌ஷா கபாலியும் போனோம். முப்பது வயதுப் பெண். நீண்ட சுருள் சுருளான கூந்தல். உடம்பைச் சுற்றிக் கனமான போர்வை.

"இன்னாம்மா, மே மாசத்துல போர்வையா? பாத்தா எனுக்கு வேர்த்து ஊத்துது" என்றான் கபாலி.

"அப்போ பாக்காதீங்க" என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டாள்.

பெயரைச் சொன்னாள். நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அவளுக்கே பாவமாகப் போய்விட்டது. "தங்கம்னு கூப்பிடுங்க பாப்பா. எங்க பேரு உங்க வாய்க்குள்ள மாட்டிக்கும். அப்புறம் யாரு எடுக்கிறது?"

பாண்டி பஜாரில் வண்டி ஒதுங்கி நின்ற இரண்டு நிமிடத்தில், மயிலாப்பூர்ப் பக்கத்து மாமி ஒருவர் வந்து தங்கத்தின் கூந்தலைப் பிடித்தே பார்த்துவிட்டார். "ஏண்டிம்மா, இந்தச் சுருள் எந்தப் பார்லர்ல பண்ணிண்டே?"

"வீட்லதாங்க. வெண்ணெய் தடவிச் சுத்துவோம்."

"வெண்ணெயா! எங்காத்துல தோசைக்கே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே மாமி போய்விட்டார்.

சங்கத்துக்கு வந்ததும் தங்கம் முதலில் கேட்டது கொட்டகையைப் பற்றித்தான். "மழை பிடிச்சா நாலு மாசம் விடாதுங்க. வீட்டுக்குள்ள இருட்டு. இழை எண்ணணும்னா வெளிச்சம் வேணும். பொம்பளைங்க எல்லாம் ஒண்ணா உக்காந்தா வேலையும் ஓடும், கதையும் ஓடும். அந்தக் கொட்டகை இந்த வருசம் மழைக்கு முன்ன வேணுங்க. அதுக்குத்தான் இந்த அடுப்புக்குள்ள வந்திருக்கேன்."

"எந்த அடுப்பு?" என்றார் அம்மாள்.

"உங்க ஊருதான்."

வெள்ளிக்கிழமை காலை தேர்வு. தேர்வாளர் ராஜரத்தினம் மாஸ்டர், அடையாறில் முப்பத்திரண்டு வருடம் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கும். குளிக்கும்போது கழற்றுவாரா என்பது எனக்குச் சந்தேகம். மொத்தம் நூறு மதிப்பெண். படம் வரைய இருபது, துணியை இழுத்துப் பிடிக்கும் மரவளையத்தில் பூட்ட பத்து, முன்பக்க வேலைக்கு நாற்பது, பின்பக்கச் சுத்தத்துக்கு முப்பது. முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி.

"மொதல்ல பேப்பர்ல டிசைன் போடும்மா" என்றார் மாஸ்டர்.

"எதுக்குங்க?"

"எதுக்கா? அப்பத்தானே இன்னா தைக்கப் போறேன்னு உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியுங்களே."

மாஸ்டர் படத்துக்குச் சுழியம் போட்டார். வளையத்தைக் கொடுத்தார். அவள் அதை வளையலா என்று கையில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அதற்கும் சுழியம். பிறகு துணியை மடியில் போட்டு, கோடும் புள்ளியும் இல்லாமல், இழைகளை எண்ணி எண்ணி ஊசியை ஓட்டினாள். இடையிடையே ஜன்னல் வழியே பனகல் பார்க்கை வேடிக்கை பார்த்தாள். மத்தியானத்துக்குள் கறுப்பும் சிவப்புமாகப் பட்டை ஒன்று முடிந்துவிட்டது.

மாஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு வழுவழுவென்று இருந்த பக்கத்தைப் பார்த்தார். "ம், மோசமில்லே" என்று முப்பத்துமூன்று போட்டார். துணியைத் திருப்பினார். மறுபக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணியாக நூல் எழும்பி, புடைத்து நின்றது. அவர் முகம் சுருங்கியது.

"இன்னாம்மா இது பின்பக்கம்? வேலிக்காத்தான் மாதிரி கீது! தையல்காரியோட யோக்யதை பின்பக்கத்துலதான் தெரியும்."

"அதுதாங்க முன்பக்கம்."

"எது?"

"மேடு தட்டி இருக்குதுல்லங்க, அதுதான் எங்களுக்கு நல்ல பக்கம். வழுவழுன்னு இருக்கிறது உள்பக்கம். போர்வை போத்தினா மேடுதான் வெளிய தெரியணும்."

"முப்பத்திரண்டு வருசம் தச்சவனுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு நீ சொல்றியா?"

"நீங்க எங்க துணிய எத்தனை வருசம் தச்சீங்க மாஸ்டர்?"

மாஸ்டர் பின்பக்கத்துக்குப் பெரிய சுழியமாகப் போட்டார். மொத்தம் முப்பத்துமூன்று. தோல்வி. மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

சுந்தரவல்லி அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் பதினோரு மணிக்கு வாரியத்திலிருந்து சரோஜாதேவி என்ற அதிகாரி வருகிறார். சான்றிதழ் இல்லை என்றால் அந்தக் கொட்டகை வேறு மலைக்குப் போய்விடும். விதிப்படி, தோற்றவர் ஆறு மாதம் தேர்வாளரிடம் பயிற்சி பெற்று மறுபடி எழுதலாம்.

"அப்டின்னா, எங்க பூவேலைய நான் இவர்கிட்ட ஆறு மாசம் கத்துக்கணுமா?" என்று கேட்டு, தங்கம் சிரிக்க ஆரம்பித்தாள். நிற்கவே இல்லை. மாஸ்டருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அளவு நாடாவால் மூடிக்கொண்டார். ஆனால் சிரித்து முடித்ததும் தங்கம் ஜன்னலோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். "மழை ஆனி மாசமே வந்துருங்க" என்றாள், பூங்காவைப் பார்த்தபடியே.

வீட்டில் அத்தாவிடம் சொன்னேன். "பரீட்சைன்னா பரீட்சைதானே. நீ பாஸ் பண்ணலியா?" என்றார். பண்ணினேன். பானிபட்டில் எந்த வருடம் யார் தோற்றார்கள் என்று எழுதினேன். கேள்வி போட்டவருக்காவது பானிபட் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமா? இந்த யோசனை வந்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது. பதினாறு விதியையும் அடித்தவள் நான், ஒன்றையாவது படித்தேனா?

சனிக்கிழமை எட்டு மணிக்கே போய் கோப்பைத் திறந்தேன். ஏழாவது விதி இப்படி இருந்தது: "தேர்வாளர், தேர்வுக்குரிய கைவேலையைத் தாமே செய்து தேர்ச்சி பெற்றவராக இருத்தல் வேண்டும்."

அம்மாளிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். "ஏட்டி ஷாகிரா, இத யாரு எழுதுனா?"

"நாமதாம்மா."

"நல்லாத்தான் எழுதியிருக்கோம்!"

மாஸ்டருக்கு ஆள் அனுப்பினோம். அவர் விதியைப் படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். முப்பத்திரண்டு வருடம் விதிப்படி வாழ்ந்தவர். "ரூல்னா ரூல்தான். ஊசி குடு" என்று தரையில் உட்கார்ந்தார். தனியாக உட்கார அவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று அம்மாளும் உட்கார்ந்தார். அம்மாள் உட்கார்ந்ததால் நானும். கடையிலிருந்து ஊசிப் பெட்டி காணாமல் போனதை விசாரிக்க மேலே வந்த நல்லசிவத்தையும் தங்கம் விடவில்லை. சவாரி உண்டா என்று கேட்க வந்த கபாலி, "நானும் குந்தறேன், வண்டி சீட்டெல்லாம் நான்தான் தைக்கறேன்" என்று தானாகவே சேர்ந்துகொண்டான்.

தங்கம் சட்டம் போட்டாள். "கோடு போடக் கூடாது. வளையம் கூடாது. உள்பக்கத்துல இருந்துதான் தைக்கணும். திருப்பிப் பாக்கவே கூடாது."

"திருப்பாம எப்டிம்மா தெரியும், பூவா பூச்சியான்னு?" என்றான் கபாலி.

"எண்ணிக்கை சரியா இருந்தா பூ. தப்பா இருந்தா பூச்சி."

மின்விசிறி சுற்றியது. ஐந்து பேரும் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தோம். நல்லசிவம் இருபத்து மூன்றுக்கு மேல் போகும்போதெல்லாம் கடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். நான் என் துணியைப் பாவாடையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். மாஸ்டர் தங்கம் அந்தப் பக்கம் போன சமயம் பார்த்து, துணி நுனியை லேசாகத் தூக்கினார்.

"மாஸ்டர்! காப்பி அடிக்கிறீங்க!"

"இல்லம்மா, காத்துல தூக்கிச்சு."

"காத்துக்கு உங்க கைவிரலு மாதிரியே விரலு இருக்குதுங்களா? அஞ்சு மார்க் போச்சு."

சரியாக அந்த நேரம் வாசலில் ஒரு குரல். "இங்கே யாரு பயிற்சி ஆசிரியை?"

சரோஜாதேவி. கையில் கோப்பு, முகத்தில் கடுகடுப்பு. பதினொன்றுக்கு வர வேண்டியவர் பத்தேகாலுக்கே வந்துவிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை, எழுந்தால் எண்ணிக்கை போய்விடும். ஐந்து பேரும் ஊசியாலேயே தங்கத்தைக் காட்டினோம்.

அதிகாரி ஒரு நிமிடம் பார்த்தார். ஒரு முதலாளி, ஒரு ரிக்‌ஷாக்காரர், கழுத்தில் நாடாவோடு ஒரு பெரியவர், எல்லாரும் சம்மணம் போட்டு உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் தங்கம் செய்த பட்டை மேசைமேல் இருந்தது. அதை எடுத்து, திருப்பி, வழுவழுப்பான பக்கத்தைத் தடவி, "நேர்த்தியா இருக்கே" என்றார்.

"அது பின்பக்கம்!" என்று ஐந்து பேரும் கத்தினோம். எல்லாரையும்விட உரக்கக் கத்தியது ராஜரத்தினம் மாஸ்டர்.

கத்திய பிறகுதான் அவருக்கே தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு தையலைத் தொடர்ந்தார்.

தங்கம் திருத்தினாள். மாஸ்டருக்குப் பதினொன்று. நல்லசிவத்துக்கு ஆறு, ஊசி அவர் கடையுடையது என்பதற்காக இரண்டு கூட்டி எட்டு. கபாலிக்கு இருபது, பூ கோணல், ஆனால் உறுதி. எனக்கு நான்கு. வாழ்க்கையில் நான் தோற்ற முதல் தேர்வு அதுதான்; கபாலியைவிடக் குறைவு என்பதை அத்தாவிடம் நான் சொல்லவே இல்லை.

கடைசியாகச் சுந்தரவல்லி அம்மாளின் துணியைக் கையில் எடுத்தாள். நகத்தால் எண்ணினாள். வெளிச்சத்தில் பிடித்து மறுபடி எண்ணினாள்.

"அம்மா, இழை எண்ண எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கயும் கத்துக்கிடலயே. சின்னதுல அப்பா சேலை வாங்கும்போது நூலு சரியா இருக்கான்னு நான்தான் நகத்த வச்சு எண்ணிச் சொல்லுவேன். அது எங்க மறக்கும்?"

"முப்பத்தாறு" என்றாள் தங்கம். "பூவு இன்னும் பூவாகலை. ஆனா ஒரு இழைகூடத் தப்பலைங்க. பாஸ்."

நல்லசிவம் வாய் பிளந்தார். "நம்ம கடையில இருபத்தஞ்சு வருசமா துணி பாக்க வெளியாள வச்சுல்லா சம்பளம் குடுக்கேன்?"

"ஒருநாளாச்சும் என்னட்ட கேட்டியளா?" என்றார் அம்மாள். அதுவரை அவர் கணவரிடம் இவ்வளவு நேராகப் பேசி நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்று மதிப்பெண் தாள் ஒன்றை இழுத்தார். இப்போது ஏழாவது விதிப்படி அந்த அறையில் தகுதியுள்ள தேர்வாளர் அவர் ஒருவர்தான். முன்பக்கத்துக்கு நாற்பது, பின்பக்கத்துக்கு முப்பது. மொத்தம் எழுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் தன் பழைய தாளைத் தானே கிழித்தார், அளவெடுத்து, நான்கு சமத் துண்டாக. தேர்ச்சி பெறாத தங்கம் எங்களுக்குத் தேர்வு வைத்தது எந்த விதியின்படி என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது. பாவாடையிலிருந்து துணியைப் பிரித்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

சரோஜாதேவி கோப்பைத் திறந்தார். "கொட்டகை எப்படி வேணும்? எங்க வரைபடத்துல சின்னதா ரெண்டு ஜன்னல்தான் இருக்கு."

"பெருசா நாலு போடுங்க. கிழக்க ரெண்டு, மேற்க ரெண்டு. காத்துக்கு இல்லீங்க, வெளிச்சத்துக்கு. கண்ணாடி வேணும்."

"வரைபடத்தை மாத்த முடியாதும்மா."

"அந்த வரைபடம் வரைஞ்சவரு எங்க ஊர்ல ஒரு மழைக்கு இருந்திருக்காருங்களா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஏழாவது விதியை நீட்டினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் அவர் படித்துவிட்டு, இரண்டை அடித்து நான்கு என்று எழுதினார்.

ஆனி மாதக் கடைசியில் அந்தப் பள்ளி ஆசிரியர், தங்கம் சொல்லச் சொல்லத் தான் எழுதியதாகச் சொல்லி ஒரு கடிதம் போட்டிருந்தார். சுந்தரவல்லி அம்மாள் அதை மாடியில் ஒரு முறையும், கடையில் ஒரு முறையும், தெருவில் கபாலிக்கு ஒரு முறையும் வாசித்துக் காட்டினார்:

"கொட்டகை வந்துவிட்டது. மழை மறுநாள் வந்தது. நாலு ஜன்னலிலும் வெளிச்சம் இருக்கிறது. பதினேழு பேர் உட்காருகிறோம். கதவை மட்டும் மிக உயரமாக வைத்துவிட்டார்கள். எங்கள் வீடுகளில் தவழ்ந்துதான் உள்ளே போவோம். நிமிர்ந்து நடந்து ஒரு வாசலுக்குள் போய் எங்களுக்குப் பழக்கமில்லை. அதனால் முதல் வாரம் எல்லாரும் குனிந்தே உள்ளே போனோம். பார்வையிட வந்த பெரிய அதிகாரி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பதினேழு பேரும் தமக்குத்தான் குனிகிறோம் என்று அவர் நினைத்து, ஒவ்வொருவருக்கும் எழுந்து எழுந்து பதில் வணக்கம் செய்தார். பாவம், நல்ல மனுஷர். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு கண்ணாடி ஜன்னல் கேட்டிருக்கிறோம்."